கிடா சுரந்த பால்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே போனால் சேத்தூர் வரும். பழைய ஜமீன் ஊர், மேற்கே மலை. இந்தச் சீமையில் பஞ்சு மில்லுக்குப் போயிற்று; கொட்டை மாட்டுத் தொட்டிக்கு வந்தது. ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையைத் தின்ற பசுவின் பால் கெட்டியாக இருக்கும். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கும்போது, கெட்டிப் பாலின் அருமை இவர்களுக்குத் தெரியாதா?

அந்தக் கொட்டைக்குள் எண்ணெயோடும் புரதத்தோடும் காஸிபால் என்ற நஞ்சும் ஒளிந்திருக்கிறது. பன்றிக்கு அதிகம் போட்டால் செத்துப்போகும். பசு எப்படிப் பிழைக்கிறது? அசைபோடும் பிராணியின் முதல் வயிறு ஒரு பெரிய புளிப்புப் பானை. அளவோடு தின்றால், நஞ்சு அங்கே புரதத்தோடு கட்டுண்டு அடங்கிவிடும். இளங்கன்றுக்கு அந்தப் பானை இன்னும் தயாராகவில்லை. தாய்க்குத் தீவனமானது அதற்கு விஷமாகிவிடும்.

ஆனால் அதே பானை துரோகமும் செய்யும். மேற்கு ஆஸ்திரேலியாவில் க்ளோவர் என்ற மூவிலைச் செடியை மேய்ச்சலுக்காக ஏராளமாக விதைத்தார்கள். 1940களில் அதை மேய்ந்த செம்மறிகள் சினை பிடிக்கவில்லை. பிறந்த குட்டிகள் பல பிழைக்கவில்லை. ஈனாத ஆடுகளுக்கு மடி கட்டியது. வேடிக்கை என்னவென்றால், காயடித்த கிடாக்கள்கூடப் பால் சுரந்தன! பென்னட்ஸ் என்ற கால்நடை ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1946ல் இந்த விபரீதத்தை எழுதி வெளியிட்டார்கள்.

குற்றவாளி, அந்த இலையிலிருந்த ஃபார்மோனோனெட்டின். அது சாதுவான சரக்குதான். ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை ஈக்வால் என்ற பொருளாக மாற்றிவிடும். ஈக்வாலோ பெண்மைச் சுரப்பின் வேஷம் போட்டுக்கொண்டு உடம்பை ஏமாற்றும். பருத்திக்கொட்டை மடிக்குச் சரக்கு அனுப்புகிறது. க்ளோவர் பொய்யாணை அனுப்பியது.

சோயா மொச்சையிலும் இதே குலத்துப் பொருள்கள் உண்டு. அதிலுள்ள டெய்ட்ஸீன் பசுவின் வயிற்றில் ஈக்வாலாகி, சிறிதளவு பாலிலும் கலக்கிறது. அதற்காகச் சோயாப் புண்ணாக்கைக் கண்டு நடுங்க வேண்டாம். கலப்புத் தீவனத்தில் அது ஒரு பங்குதான். உலகமெங்கும் கறவை மாடுகள் அதைத் தின்கின்றன. செம்மறிகளுக்கு வந்த கதி அவற்றுக்கு வரவில்லை. க்ளோவரோ அந்த ஆடுகளுக்கு மாதக்கணக்கில் முழுச் சாப்பாடாக இருந்தது.

ஒற்றைப் பசுவை நம்பிய குடும்பத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மடி நிறைந்ததைப் பார்த்து மட்டும் தீவனத்தை மெச்சிவிடக் கூடாது. அடுத்த சினை தங்குகிறதா, கன்று துள்ளுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிடாவுக்கும்தான் பால் சுரந்தது!