நம்மை நம்பின மாதிரி பிள்ளைங்களையும் நம்புவோம்



நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் ஐஃபாட் நிதி உதவியோடு முதலில் தொடங்கினது இங்கேதான். என் மாமியார் அந்தக் காலத்துக் குழுவில் இருந்தவங்க. "பொம்பளைங்க கையில பணத்தைக் கொடுத்தா உருப்படுமா?"ன்னு ஊரே கேட்டதாம். 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைச்சது. அடமானம் இல்லாமலே கடன் கிடைச்சது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவினது. பணம் வந்தது பெரிசுதான். ஆனா அதை எதுக்குச் செலவு பண்ணணும்னு நாமளே முடிவு பண்ண விட்டாங்களே, அது அதைவிடப் பெரிசு.

பிள்ளைங்க மனசுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கினாங்க. உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறவங்க மனசு விட்டுப் பேச, தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கிறாங்க. பரீட்சையில் தோத்த பிள்ளைங்க ஒரு வருஷம் காத்திருக்காம உடனே துணைத்தேர்வு எழுத வழி பிறந்ததில் அவங்க முயற்சிக்கும் பங்கு உண்டு. 2022 அக்டோபர் 10-ல் அரசு 'டெலி மானஸ்' தொடங்கினது. 14416-க்குப் போன் பண்ணா இலவசமா, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஆனா போன் நம்பர் இருந்தா மட்டும் போதுமா? "எனக்கு முடியல"ன்னு சொல்ல, பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேணுமே. பெத்தவங்ககிட்ட சொல்லாததைச் சேக்காளிகிட்ட சொல்லும்.

போன வருஷம் எங்க ஊர் இளவட்டப் பிள்ளைங்க ஏழு பேர் கூட்டமைப்புக்கு மனு கொடுத்தாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நூலகக் கட்டடத்தில் கூடிப் பேச, கேரம் போர்டு, பாய், டீ, சுண்டல், ஆலோசகரை அழைச்சுட்டு வர வண்டிச் செலவு, எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய். "இதுல வட்டி வருமா?"ன்னு ஒரு உறுப்பினர் கேட்டாங்க. "நம்மளையும் அப்படித்தானே கேட்டாங்க"ன்னு இன்னொரு அக்கா சொன்னதும் தீர்மானம் நிறைவேறிச்சு.

பிள்ளைங்க வரவு செலவு நோட்டு வெச்சாங்க. ஆனா "யார் என்ன பேசினாங்கன்னு எழுத மாட்டோம், நீங்களும் கேட்கக் கூடாது"ன்னு கறாரா சொல்லிட்டாங்க. நாங்க ஒத்துக்கிட்டோம். கணக்கில் தோத்த ஒரு பையன் வீட்டை விட்டு வெளியே வராம இருந்தான். அவனைத் துணைத்தேர்வுக்குப் பதிவு பண்ண வெச்சு, தேர்வு மையம் வரைக்கும் கூடவே போனது அந்தப் பிள்ளைங்கதான். மீதி 340 ரூபாயை ரசீதோடு திருப்பிக் கொடுத்தாங்க.

ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் வட்டி வருமானத்தில் ஒரு சிறு தொகையை இதுக்குன்னு வருஷா வருஷம் ஒதுக்கணும். கணக்கை நாம பார்ப்போம், செலவைப் பிள்ளைங்க முடிவு பண்ணட்டும். வர்ற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமா கொண்டு வரணும்னு கேட்டுக்கிறேன்.