கல்லூரி வாயிலும் நம் மாணாக்கரும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கிறது. இம்மலரில் நம் இளைஞர்களுக்கு எதனை எழுதலாம் என எண்ணிய வேளையில், ஆண்டுதோறும் மே, சூன் திங்கள்களில் நம் வீடுகள் படும் பாடே முதலில் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளை கையில் மதிப்பெண் பட்டியலுடன் வீட்டில் இருக்கும். தந்தை ஒருநாள் கூலியை இழந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பார். தாய் கட்டணத்திற்காகக் கைம்மாற்றுக் கேட்டு அலைவாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்னும் இந்தப் பாடு நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாத பிள்ளை, விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்குவான். அறிந்த பிள்ளை தலைநிமிர்ந்து நிரப்புவான்.

மறைந்து பயின்ற காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றவர் இரட்டைமலை சீனிவாசனார். 1939இல் வெளியான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தம் வரலாற்று நூலில் அந்நாள்களை அவரே குறித்துள்ளார். அங்குப் பயின்ற சுமார் 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதியையும் குடும்பத்தையும் உறைவிடத்தையும் உடன் பயில்வோர் அறிந்தால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சிய அவர், பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு சேர்வார். கல்வி கற்க வேண்டுமாயின் தாம் யார் என்பதை மறைக்க வேண்டும் என்பதே அக்காலத்தின் நியதியாக இருந்தது.

ஆயினும் அவர் மறைந்தே வாழ்ந்து முடிக்கவில்லை. 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவில் நடத்தினால் உயர்சாதியாரே ஆட்சிப் பதவிகளை நிரப்பி நம் மக்களை ஒடுக்குவர் எனக் கருதி, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். தனியொருவராய் மணியோசைக்காகக் காத்திருந்த சிறுவன், பின்னாளில் ஆயிரக்கணக்கானோரை ஒரே தாளில் கையொப்பமிடச் செய்தார். விண்ணப்பம் என்பது கெஞ்சுவதன்று, உரிமையைக் கேட்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மறைத்த பெயர் உரிமையானது

நீதிக்கட்சிக் காலத்தில் பிறந்த வகுப்புரிமை ஆணை, 1928 முதல் அரசுப் பணிகளில் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டு இடங்களுள் ஒன்று ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. 1947இல் அது திருத்தப்பட்டு, பதினான்கு இடங்களுள் இரண்டு நமக்கெனக் குறிக்கப்பட்டன. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது.

1950இல் இதனை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. மருத்துவக் கல்லூரி இடம் குறித்து வழக்காடிய செண்பகம் துரைராசன் என்பார், கல்லூரிக்கு விண்ணப்பமே அளித்திருக்கவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே காணப்படும் செய்தி. எனினும் 1951 ஏப்ரல் 9ஆம் நாள் ஆணை செல்லாதென முடிவாயிற்று. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கல்லூரிகளில் நமக்கு இடம் ஒதுக்குவதற்கு அரணாக நிற்பது அவ்வுட்பிரிவே.

இடம் கிடைத்தாலும் பணமின்றேல் பயனில்லை என்பதைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையே 1913இல் அவரைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. 1942இல் அவர் அரசப் பிரதிநிதியிடம் நம் மக்களின் குறைகளை விளக்கும் விரிவான மனுவை அளித்தார். 1944இல் நம் மாணாக்கருக்கென மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. இன்றும் நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகை அம்மரத்தின் கனியே.

தமிழகத்தில் 1971இல் நம் ஒதுக்கீடு பழங்குடியினர் உட்பட 18 விழுக்காடாயிற்று. 1990இல் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியே வழங்கப்பட்டு, 18 முழுவதும் ஆதிதிராவிடருக்கானது. 2009இல் அதனுள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாக அமைந்தது. சீனிவாசனார் மறைக்க வேண்டியிருந்த அதே பெயர், இன்று வட்டாட்சியர் ஒப்பமிட்டுத் தரும் சான்றாகிக் கல்லூரிக் கதவைத் திறக்கிறது.

நாம் கண்டவை

நாம் கல்லூரிக்கு விண்ணப்பித்த 1980களில், ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் சென்றோ தபால் வழியாகவோ தனித்தனியே படிவம் பெற வேண்டும். சான்றிதழ் நகல்களில் கெசட்டட் அதிகாரி ஒருவர் ஒப்பமிட வேண்டும். சேரியில் பிறந்த பிள்ளைக்கு எந்த அதிகாரியைத் தெரியும்? ஒரு மருத்துவமனையில் அரை நாள் நின்றும் நமக்குக் கையொப்பம் கிட்டவில்லை. மறுநாள் நம் ஆசிரியர் ஒருவர் தம் மிதிவண்டியில் நம்மை ஏற்றிச் சென்று, தமக்கு அறிமுகமான அரசு மருத்துவரிடம், “நம்ம பையன்தான் அய்யா” என்று கூறி ஒப்பம் பெற்றுத் தந்தார். கடைசி நாளுக்கு முந்திய நாள் அது. நாம் இன்று தலைமையாசிரியராக இருப்பது அந்த மிதிவண்டிப் பயணத்தால்தான்.

இன்று விண்ணப்பம் இணையவழிக்கு மாறிவிட்டது. பொறியியல் சேர்க்கையில் ஒற்றைச்சாளர முறை 1997இல் வந்தது. 1984இல் வந்த மாநில நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. வாயில்கள் மாறுகின்றன, வாயிலில் தடுமாறுவோர் மட்டும் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவன் ஒருவன் நல்ல மதிப்பெண் பெற்றும் அரசுக் கலைக் கல்லூரியில் இடம் பெறவில்லை. வரவழைத்து விசாரித்தோம். கணினி மையத்தில் வேற்றுத் தெரு நண்பர்கள் அருகில் அமர்ந்திருந்தனராம். அவர்கள் முன் சாதியைக் குறிக்க வெட்கி, பொதுப்பிரிவு எனப் பதிந்துவிட்டான். “தெரிஞ்சா ஒரு மாதிரி பார்ப்பாங்க சார்” என்றான். மணியடித்த பின் வகுப்பினுள் நுழைந்த சீனிவாசனாரே நம் முன் நிற்பது போலிருந்தது. அப்பிள்ளை ஓராண்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து, மறு ஆண்டு நம் முன்னிலையிலேயே விண்ணப்பம் நிரப்பிக் கல்லூரி சேர்ந்தான். போன ஓராண்டு போனதுதான்.

இளைஞர்க்குச் சில சொற்கள்

இளைஞர்களே! பதினோராம் வகுப்பிலேயே சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக உள்ளனவா எனப் பாருங்கள். ஓரெழுத்துப் பிழையால் அலைந்தோர் பலர். பதிந்த கைப்பேசி எண்ணைச் சேர்க்கை முடியும்வரை மாற்றாதீர்கள். கல்லூரி விருப்பப் பட்டியலைத் தனியே அமர்ந்து தீர்மானிக்காமல் ஆசிரியரைக் கலந்து வரிசைப்படுத்துங்கள். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் உரிய நாளில் விண்ணப்பியுங்கள். சாதிக் கட்டத்தில் உண்மையை எழுத ஒருபோதும் நாணாதீர்கள். அக்கட்டம் இழிவின் அடையாளமன்று. நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமைச் சீட்டு.

கழக உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்முள் பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து, முதல் கட்டம் தொடங்கிக் கடைசிக் கட்டம்வரை விண்ணப்பத்தை நிரப்பித் தருவோமாயின் அதுவே இவ்வெள்ளி விழாவின் சிறந்த நினைவுச் சின்னமாகும். நம்மை ஏற்றிச் சென்ற மிதிவண்டிக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது. அக்கடனைத் தீர்ப்போம்!