பேசாத பிள்ளைக்கு ஓர் அளவுகோல்

மயங்கிக் கிடப்பவரின் கண் திறக்கிறதா, பேச்சு தெளிவா, கைகால் அசைகிறதா என்று பார்த்து மயக்கத்தின் ஆழத்துக்கு எண் தரும் முறையை 1974இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டவர்கள் கிளாஸ்கோ மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும். அதற்கு முன்பு ஒரு டாக்டர் எழுதும் 'அரை மயக்கம்' இன்னொருவருக்கு முழு மயக்கமாகத் தெரிந்தது.

ஆனால் அந்த முறை கேள்விக்குப் பதிலும் கட்டளைக்குக் கீழ்ப்படிதலும் எதிர்பார்த்தது. நல்ல நினைவோடு இருக்கும் ஒரு வயதுப் பிள்ளையே இரண்டையும் செய்யாது.

இந்தச் சிக்கல் மலாவி நாட்டின் பிளான்டயரில் தினசரிப் பாடாக இருந்தது. (அந்த நகரத்துக்குப் பெயர் தந்ததே கிளாஸ்கோவுக்கு அருகில் டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊர்தான்.) அங்குள்ள குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனைக்கு, மூளையைத் தாக்கிய மலேரியாவால் நினைவிழந்த பிள்ளைகள் மழைக்காலத்தில் வந்தபடி இருப்பார்கள். மால்கம் மொலினியூ, டெர்ரி டெய்லர் குழுவினர் 1989இல் ஐந்தே மதிப்பெண்ணில் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். மார்பெலும்பை விரல்முட்டியால் தேய்க்கும்போது வலிக்கும் இடத்தை நோக்கிக் கை போனால் 2, பென்சிலால் நகத்தை அழுத்தும்போது கையை இழுத்துக்கொள்ள மட்டும் செய்தால் 1. சரியாக அழுதால் 2, முனகல் என்றால் 1. அம்மாவின் முகத்தைக் கண் பின்தொடர்ந்தால் இன்னொன்று. மொத்தம் இரண்டோ அதற்குக் கீழோ வந்தால் கோமா.

அவர்கள் கவனித்த 131 பிள்ளைகளில் 20 பேர் இறந்தார்கள். 12 பேருக்கு நரம்புப் பாதிப்பு தங்கிவிட்டது. மிக ஆழ்ந்த மயக்கம், கருவிழியைத் தொட்டாலும் இமைக்காத கண், விறைத்து நீளும் கைகால், ரத்தத்தில் குறைந்துபோன சர்க்கரை ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் சர்க்கரைக் குறைவைத்தான் குளுக்கோஸ் ஏற்றி உடனே சரிசெய்ய முடியும். அதனால்தான் அதைத் தேடிப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருப்பதாலேயே மயக்கத்துக்கும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2004இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில், மூளை மலேரியா என்று கருதப்பட்ட 31 பிள்ளைகளில் 7 பேரின் சாவுக்குக் காரணம் வேறு. உயிரோடு இருக்கும்போதே இரு வகையையும் பிரித்துக் காட்டிய அடையாளம் விழித்திரையில் இருந்தது: வெளுத்த திட்டுகள், நிறம் மாறிய ரத்தக்குழாய்கள், ரத்தக்கசிவு.

பிறகு அதே மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. 2015இல் வெளியான முடிவுகளின்படி, இறந்த 25 பேரில் 21 பேருக்குச் சேர்க்கும்போதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீங்கிய மூளை, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை அழுத்தியிருக்க வேண்டும் என்பது குழுவின் கணிப்பு. வீக்கத்தோடு வந்து பிழைத்த பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து எடுத்த படங்களில் அது வடிந்துகொண்டே வந்தது.