செப்பேடும் இசைத்தட்டும்: சென்னைக்கு வந்த ஆலன் ஹோவானெஸ்

1911ம் வருஷம் ஏப்ரல் 1ம் தேதி எங்கள் சித்தூர் மாவட்டம் பிறந்தது. வட ஆற்காட்டில் கொஞ்சம், கடப்பையில் கொஞ்சம் என்று வெட்டி ஒட்டி வெள்ளைக்காரன் உண்டாக்கிய மாவட்டம். அதற்கு மூன்று வாரம் முன்னால், மார்ச் 8ம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில் என்ற ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா ஆர்மீனியர், வேதியியல் பேராசிரியர். அம்மா ஸ்காட்லாந்து வம்சாவளி. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் 67 சிம்பொனிகள் எழுதிய ஆலன் ஹோவானெஸ்.

இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதர் 1959ல் நம்ம மெட்ராசுக்கு வந்து, கர்நாடக சங்கீதம் படித்து, வீணையில் கைவைத்து, சென்னை வானொலிக்காக நம் வாத்தியங்களை வைத்தே ஒரு உருப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தூர், திருத்தணி, திருப்பதிப் பக்கமெல்லாம் சங்கீதம் என்றால் மெட்ராஸ் என்று இருந்த காலம் அது. பொட்டி தட்டிப் பிழைக்கிற என்னைப் போன்ற ஆசாமிக்கு மேற்கத்திய இசையில் பெரிய ஞானம் கிடையாது. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளை

இங்கே பிள்ளை வளர்க்கிற நமக்கு ஹோவானெஸின் ஆரம்பக் கதை புதிதே அல்ல. அப்பா 1922ல் ஆங்கிலம் - ஆர்மீனிய அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டவர். அவ்வளவு மொழிப்பற்று! ஆனால் பிள்ளை அமெரிக்கப் பிள்ளையாகத்தான் வளர்ந்தது. சக்மக்ஜியன் என்ற குடும்பப் பெயர் உச்சரிக்கக் கஷ்டமாக இருந்ததும் மாறிப்போனது. வளர்ந்து ஆளான பிறகுதான் அவர் தீவிரமாக வேரைத் தேடிப் போனார். 1940ல் வாட்டர்டவுன் ஊரில் இருந்த ஆர்மீனிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காதில் விழுந்த பழைய வழிபாட்டு இசைதான் அவருடைய பாணியையே மாற்றியது. இந்திய இசை மீதான ஆசை அதற்கும் முந்தியது. உதயசங்கர் குழுவினர் 1930களில் பாஸ்டன் வந்தபோது போய்ப் பார்த்ததில் பிடித்த ஆசை அது.

1942ல் டாங்கிள்வுட் இசை முகாமில் அவருக்கு ஒரு அடி விழுந்தது. அவருடைய முதல் சிம்பொனியின் ஒலிப்பதிவை வகுப்பில் போட்டார்கள். ஆரன் கோப்லண்ட் அது ஓடும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், லெனர்ட் பெர்ன்ஸ்டைன் கேலி செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க இசையின் இரண்டு பெரிய தலைகள்! மனுஷன் முகாமை விட்டே கிளம்பிவிட்டார். அதையொட்டிய வருஷங்களில் தன் பழைய படைப்புகள் ஏராளமானதைத் தீ வைத்துக் கொளுத்தியும் விட்டார்.

கொளுத்தியது போக மிஞ்சியதும், பிறகு எழுதியதும் சேர்ந்து 400க்கு மேல். நிறுத்தவே இல்லை.

மெட்ராஸ் நாட்கள்

சென்னைக்கு வந்த அமெரிக்கர் இவர் ஒருவர் மட்டுமல்ல. இவருக்கு முன்னாலேயே, 1956-57 ஆசியப் பயணத்தில், ஹென்றி கவெல் என்ற இசையமைப்பாளர் வந்து போனார். அவருடைய 13வது சிம்பொனிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. ஜலதரங்கமும் தபலாவும் சேர்த்து எழுதியது. நியூயார்க்கிலிருந்து வந்த இசைக்குழு ஒன்று 1959 மார்ச்சில் சென்னையிலேயே அதை அரங்கேற்றியது.

அந்த வருஷமே ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஹோவானெஸ் வந்து சேர்ந்தார். மியூசிக் அகாடமி டிசம்பர் விழாவில் கலந்துகொண்டார். எங்கள் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954ல் சங்கீத கலாநிதி வாங்கிய அதே அகாடமிதான். 300க்கும் மேற்பட்ட ராகங்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்தார். அதைப் புத்தகமாக்கும் எண்ணம் இருந்தது, முடியவில்லை. 1947லேயே எழுதி வைத்திருந்த 'அர்ஜுனா' என்ற எட்டாவது சிம்பொனி, 1960ல் சென்னையில்தான் முதன்முதலாக மேடை ஏறியது. எழுதிப் பதின்மூன்று வருஷம் கழித்து, அர்ஜுனனைத் தெரிந்த ஊரில்!

எனக்கு இன்னும் பிடித்தது அடுத்த விஷயம். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பாதிப்பில் 'நாகூரான்' என்று ஒரு உருப்படி எழுதினார். தென்னிந்திய வாத்தியங்களுக்காகவே எழுதியது. ஆர்மீனியக் கிறிஸ்தவ அப்பாவுக்குப் பிறந்த அமெரிக்கர், நாகூர் ஆண்டவரை நினைத்து, கர்நாடக வாத்தியங்களுக்கு எழுதி, மெட்ராஸ் வானொலிக் கலைஞர்கள் வாசித்து, 1960 பிப்ரவரி 3ம் தேதி ஒலிபரப்பானது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 1ம் தேதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு போட்டு எது தமிழ், எது தெலுங்கு என்று பிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், கோட்டைப் பற்றிக் கவலையே படாத ஒரு சங்கீதம் அங்கே காற்றில் போயிருக்கிறது.

ஆர்மீனியர்களுக்கு மெட்ராஸ் ஒன்றும் புதுசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவுக்கு ஆங்கிலத்தில் ஆர்மீனியன் தெரு என்றே பெயர். அங்கே இருக்கும் ஆர்மீனிய தேவாலயம் 1772ல் கட்டியது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794ல் அச்சானதும் மெட்ராசில்தான்.

காற்றில் போனதும் தட்டில் நின்றதும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1960ல் வானொலியில் போவது என்றால் அந்த நேரத்தில் பெட்டிக்கு முன்னால் இருந்தவருக்கு மட்டும்தான். அடுத்த நிமிஷம் அது இல்லை. ஆனால் 'நாகூரான்' ஒலிபரப்பாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1958ல், ஹோவானெஸின் இன்னொரு படைப்பு இசைத்தட்டில் ஏறிவிட்டது. 'மிஸ்டீரியஸ் மவுண்டன்', அதாவது மர்ம மலை என்கிற இரண்டாவது சிம்பொனி. 1955 அக்டோபரில் ஹூஸ்டனில் ஸ்டொகோவ்ஸ்கி அரங்கேற்றியதை, 1958ல் ஃப்ரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவை வைத்து ஆர்சிஏ நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். மொத்தம் இருபது நிமிஷத்துக்குள்தான். எல்.பி.யில் வந்தது, சிடியில் வந்தது, இன்று போனிலும் கேட்கலாம். உலகத்தில் பாதிப்பேர் ஹோவானெஸை அறிந்ததே அந்த ஒரு தட்டால்தான்.

அவருக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். 1963ல் மனைவியோடு சேர்ந்து 'பொசைடன் சொசைட்டி' என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டுக் கம்பெனியே ஆரம்பித்தார். பெரிய கம்பெனி வந்து கதவைத் தட்டும் என்று காத்திருக்கவில்லை. லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் போன்ற இசைக்குழுக்களைத் தானே நடத்திப் பதிவு செய்தார். அடுத்த பத்து வருஷத்தில் சுமார் பதினைந்து தட்டுகள். அவற்றைப் பின்னாளில் கிரிஸ்டல் ரெக்கார்ட்ஸ் சிடியாகக் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் தன் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திய அதே மனுஷன்தான் இவ்வளவையும் பதிந்து வைத்தார்!

கேட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு

சிம்பொனி என்றால் பயப்பட வேண்டாம். கர்நாடக சங்கீதக் காதுக்கு ஹோவானெஸ் சுலபமாகப் பிடிபடுவார். நீண்ட ஒற்றை மெட்டு, அடியில் நகராத சுருதி என்று அவர் இசையில் பல இடங்கள் வரும்.

'மர்ம மலை'யில் ரைனர் பதிவையே முதலில் கேளுங்கள். நடுப்பகுதியில் ஒரு வாத்தியக் குழு எடுத்த மெட்டை அது முடிக்கும் முன்னாலேயே அடுத்த குழு எடுத்துக்கொண்டு துரத்தும். ஏழுமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 1944ல் எழுதிய 'லூசாட்ஸாக்'. பியானோவும் தந்தி வாத்தியங்களும் மட்டும். ஜாஸ் புகழ் கீத் ஜாரெட் பியானோ வாசித்த பதிவு இருக்கிறது. இதில் சில இடங்களில் கலைஞர்கள் தாளக்கட்டு இல்லாமல் அவரவர் வேகத்தில் வாசிப்பார்கள். கச்சேரிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சுருதி சேர்க்கும்போது ஒரு முணுமுணுப்பு எழுமே, அது ஞாபகம் வரும்.

மூன்றாவது, 1970ல் ஆந்த்ரே கொஸ்டலனெட்ஸ் கேட்டு வாங்கிய 'அண்ட் காட் கிரியேட்டட் கிரேட் வேல்ஸ்'. கடலுக்கடியில் பதிவு செய்த நிஜத் திமிங்கிலங்களின் குரலை இசைக்குழுவோடு சேர்த்திருப்பார். பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்க இதுதான் சரி.

நான்காவது, ஐம்பதாவது சிம்பொனியான 'மவுண்ட் செயிண்ட் ஹெலன்ஸ்'. 1980 மே மாதம் வெடித்த எரிமலையைப் பற்றி, சியாட்டிலில் குடியேறிய பிறகு எழுதியது. ஜெரார்ட் ஷ்வார்ஸ் நடத்தும் சியாட்டில் சிம்பொனியின் பதிவு பிரபலம். கடைசிப் பகுதியைக் கேட்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டுவிடுவான் :-)

திருப்பதிச் செப்பேடு சொல்வது

பதிவு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ள நாங்கள் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, திருமலை ஏறினால் போதும். 15ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டிக் கோயிலுக்குள் ஒரு அறையில் வைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். நூற்றாண்டுக் கணக்கில் யாரும் தொடாமல் கிடந்து, 20ம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்து அச்சேறின. பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான பாடல்கள் அப்படித் தப்பித்தன. செம்பு அல்லவா, கரையான் அரிக்காது.

ஆனால் ஏட்டில் இருந்தது சாகித்யமும் ராகத்தின் பெயரும்தான். அவர் எப்படிப் பாடினார் என்பது பெரும்பாலும் அதில் இல்லை. மெட்டு, பாடிய வாயோடு போய்விட்டது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் உட்கார்ந்து புதிதாக மெட்டமைத்ததால்தான் இன்று நாம் அவற்றைப் பாடுகிறோம். எம்.எஸ். அம்மா தேவஸ்தானத்துக்காகப் பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலா' ஐந்து இசைத்தட்டுகளாக வந்த பிறகு, அன்னமய்யா வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். ஐந்நூறு வருஷம் செம்பால் முடியாததை இசைத்தட்டு பத்தே வருஷத்தில் செய்தது. இன்று நமக்குத் தெரிந்த அன்னமய்யாவின் குரல் உண்மையில் இவர்களுடைய குரல்தான்.

எழுத்து, பாட்டின் உடம்பைக் காப்பாற்றும். உயிரைக் காப்பாற்றுவது ஒலிதான். ஹோவானெஸ் அறுபதுகளிலேயே இதற்குக் கைக்காசு போட்டார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு செப்பேட்டு அறை இருக்கும். ஊரில் இருக்கிற பாட்டி, பெரியம்மா, மாமா. சித்தூர்ப் பக்கத்துப் பாட்டிகள் பாதி தமிழ், பாதி தெலுங்கில் பாடும் தாலாட்டும், கல்யாண நலங்குப் பாட்டும், மார்கழி பஜனையும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வார்த்தையை எழுதி வாங்கி அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள், ஆனால் இழுத்து நிறுத்துகிற அந்த இடம் காகிதத்தில் வராது. ஸ்டூடியோ வேண்டாம், ஐந்து ஆட்கள் வேண்டாம், பொசைடன் சொசைட்டி வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். இந்த முறை ஊருக்குப் போகும்போது மிக்ஸியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அரை மணி நேரம் பாடச் சொல்லுங்கள். பாடுவது யார், எந்த ஊர், என்ன தேதி என்பதையும் அவர்கள் வாயாலேயே முதலில் சொல்லவையுங்கள். பிறகு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று அக்கா தங்கை அண்ணன் தம்பி யாரிடமாவது.

ஹோவானெஸ் 2000 ஜூன் 21ம் தேதி சியாட்டிலில் காலமானார், வயது 89. மர்ம மலையை இன்று ராத்திரியே கேட்கலாம், அது எங்கும் ஓடிப்போகாது. பாட்டிக்கு மட்டும் இந்த வாரமே போன் போட்டு, எந்தெந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.