மைக் செட் முதல் செல்போன் வரை: நான் கேட்ட ஆல்பங்களும், அழிச்ச ஒரு கேசட்டும்

பெங்களூரில் வேலை பார்க்கிற பெரியவன் போன மாசம் போன் பண்ணி, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச ஆல்பம் எதுப்பா?"ன்னு கேட்டான். "உங்க சின்ன மாமா கல்யாண ஆல்பம்தான்டா. அதுல ஒண்ணுலதான் உங்கம்மா சிரிச்ச மாதிரி இருக்கா"ன்னு சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் கேட்டது பாட்டு ஆல்பம். ஆபீஸ்ல ஆளுக்குப் பத்து ஆல்பம் எழுதி வச்சு விளையாடுறாங்களாம்.

எனக்கு ராகம் பேர் சொல்லத் தெரியாது. தாளம் போடச் சொன்னா தொடையில எசகுபிசகா அடிப்பேன். ஆனா ராத்திரி மும்முனை கரண்டு வர்ற நேரத்துக்கு மோட்டார் போட்டுட்டு வரப்பில் உட்கார்ந்தா, யோசிக்கிறதுக்கு நேரம் நெறைய கிடைக்கும். அப்படி யோசிச்சப்போ ஒண்ணு பிடிபட்டது. அம்பது வருஷமா நான் பாட்டு கேட்டிருக்கேன். அதில் பாதியை நான் தேர்ந்தெடுத்துக் கேட்கவே இல்லை. வேற யாரோ எனக்காகத் தேர்ந்தெடுத்தாங்க. நானே தேர்ந்தெடுக்கிற காலம் வந்தப்போ நான் செஞ்ச காரியம்தான் இன்னிக்கும் உறுத்துது. அதைச் சொல்லணும்னா கொஞ்சம் முன்னாடி இருந்து வரணும்.

குழாய் கட்டின காலம்

இந்தியாவில் முதல் முதலா பாட்டைத் தட்டில் பதிஞ்சது 1902-ல், கல்கத்தாவில். அப்போ இங்கே பதிஞ்சதை ஜெர்மனிக்கு அனுப்பித்தான் தட்டு அடிச்சு வரவழைச்சாங்க. 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கிற ஆலை வந்துடுச்சு. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செஞ்சது. கீழே விழுந்தா ஓடு மாதிரி உடையும். நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தும், ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் கூடினா மூணரை நிமிஷம் பாடும். அவ்வளவுதான். கச்சேரியில் அரை மணி நேரம் பாடுற வித்வானும் அந்த மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சாகணும். நம்ம சினிமாப் பாட்டு இன்னிக்கும் நாலு நிமிஷத்தைச் சுத்தியே நிக்குதுன்னா, அந்த அரக்குத் தட்டு போட்ட அளவுதான் காரணம்.

1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது. நிமிஷத்துக்கு 33 சுத்துதான், பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல பிடிக்கும். இது நம்ம ஊர்க் காலை நேரத்தையே மாத்திடுச்சு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவோட வெங்கடேச சுப்ரபாதம் 1963-ல் வந்தது. சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசமும் ஏறக்குறைய இருபது நிமிஷம். பழைய தட்டா இருந்தா நடுவுல ஆறு தடவை எழுந்து போய் மாத்தி மாத்தி வைக்கணும். எல்.பி. வந்ததால்தான் முள்ளை வச்சுட்டுப் போய் பால் கறந்துட்டு வர முடிஞ்சது.

நான் பொறந்தது 1970. எனக்கு விவரம் தெரிஞ்சப்போ எங்க ஊருக்கு ஆல்பம் போட்டது மைக் செட்காரர்தான். காரிமங்கலத்தில் இருந்து சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கிட்டு வருவார். தென்னை மரத்தில் குழாய் கட்டுவார். கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் பண்டிகையோ, வரிசை மட்டும் மாறாது. முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். அப்புறம் டி.எம்.எஸ். குரலில் முருகன். பண்டிகைன்னா எல்.ஆர். ஈஸ்வரி அம்மாவோட அம்மன் பாட்டு. சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு பாடினதும் இதே அம்மாதான்னு யாரோ சொன்னப்போ எங்க பாட்டி நம்பவே இல்லை. "அவளுக்கு ஆத்தா அருள் இருக்குதுடா, போடா"ன்னுட்டா. என் காதுக்கு இன்னிக்கும் அந்தத் தட்டுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்குது. அந்தக் குரலில் பயமும் இருக்கும், உரிமையா சண்டை போடுற மாதிரியும் இருக்கும்.

சாயங்காலம் ஆச்சுன்னா கதை வசனம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' இரண்டையும் நான் திரையில் பார்த்தது ரொம்பப் பின்னாடி. குழாயில் கேட்டே மனப்பாடம். 1984-ல் 'விதி' வந்தப்போ டீக்கடைக்கு டீக்கடை அந்தக் கோர்ட்டு வசனம்தான் ஓடும். பாட்டே இல்லாத ஆல்பம்னு சொல்லலாம். ஆனா எங்க ஊர் அதிகமா உட்கார்ந்து கேட்டது அதைத்தான். எங்க ஜனங்க கூத்து பார்த்து வளர்ந்தவங்க. வசனம்னா காது தானா நிமிரும்.

குழாயில் வராததும் ஒண்ணு இருக்குது. காலனி ஆளுங்க அடிச்ச பறை. சாவுக்கும் திருவிழாவுக்கும் அவங்க வந்து அடிக்கணும். ஆனா அதைத் தட்டில் போட்டுக் கேட்கணும்னு எங்க தெருவில் ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பசங்க முதல் மேடை போட்டாங்க, அதே வருஷம் 'மகிழ்ச்சி'ன்னு ஆல்பமும் வந்தது. சின்னவன் போட்டுக் காட்டினான். கானாவும் பறையும் கிடாரும் ஒண்ணா வருது. சில பாட்டு எனக்கு ரொம்ப இரைச்சலாப் பட்டது. ஆனா நாப்பத்தெட்டு வயசில் அதைக் கேட்டப்புறம்தான், சின்ன வயசில் இருந்து பக்கத்திலேயே அடிச்ச அடியை நான் பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லைன்னு தெரிஞ்சது. குறை எங்க காதுல இருந்தது.

ரேடியோவும் ரெக்கார்டிங் கடையும்

மைக் செட்டுக்கு அடுத்த வாத்தியார் இலங்கை வானொலி. மயில்வாகனன் பேரை எங்க அப்பா சொல்லுவார். நான் கேட்டது கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும். சென்னை ரேடியோவை விட அது எங்களுக்குச் சுத்தமாக் கேட்ட ராத்திரிகள் உண்டு. பெங்களூர்ப் பக்கம் திருப்பினா கன்னடம். கல்லு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவங்க ராஜ்குமாரோட ராகவேந்திரர் பாட்டு கேசட்டும் வாங்கிட்டு வருவாங்க. மொழி பாதிதான் புரியும், குரல் முழுசாப் புரியும். நாகூர் ஹனீபா குரலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் மாடு பார்க்கப் போன இடத்தில், கேசட் கடையில் அவர் பாட்டு வந்தா, சாமி வித்தியாசம் பார்க்காம நின்னு கேட்டுட்டுப் போவாங்க.

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-லேயே கொண்டு வந்துடுச்சு. எங்க ஊருக்குள்ள வர இருபது வருஷம் ஆச்சு. வந்ததும் எல்லாமே தலைகீழ். தட்டில் நாம எதையும் பதிய முடியாது. கேசட்டில் முடியும். ரெக்கார்டிங் சென்டரில் ஒரு பேப்பரில் பன்னெண்டு பாட்டு எழுதிக் கொடுத்தா, ரெண்டு நாள் கழிச்சு நம்ம வரிசையில் பதிஞ்சு தருவாங்க. அதுவரைக்கும் மைக் செட்காரர் போட்ட வரிசை, ரேடியோக்காரர் போட்ட வரிசை. இது என் வரிசை. பத்தாவது முடிச்ச பையனுக்கு அது எவ்வளவு பெரிய அதிகாரம்னு நீங்க நினைச்சுப் பாருங்க.

இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. பேர் புரியலை, ராஜா படம் போட்டிருந்தது, சினிமாப் பாட்டுன்னு நினைச்சு வாங்கிட்டேன். வீட்டில் போட்டா வயலின் வாசிக்குது, வாசிச்சுக்கிட்டே இருக்குது. பாடுற ஆள் வரவே இல்லை. கேசட் கோளாறுன்னு கடைக்கே திருப்பி எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக்காரர் சிரிச்சுட்டு, "இது தியாகராஜருக்கும், பாக்னு ஒரு வெள்ளைக்காரருக்கும் ராஜா செஞ்ச மரியாதை. பத்து நாள் கேளு, பிடிக்கலைன்னா கொண்டு வா"ன்னார். நான் திருப்பிக் கொடுக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு 'நத்திங் பட் விண்ட்' வந்தப்போ நானா தேடிப் போய் வாங்கினேன். சௌராசியாவோட புல்லாங்குழலை வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட்கணும். மத்தியானம் கேட்டா தூக்கம் வந்துடும், அது என் அபிப்பிராயம்.

கர்ணன் இருந்த கேசட்

இப்போ சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

எங்க நைனா கூத்து ஆடினவர். அப்பாவை எங்க வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். விவசாயம் முடிஞ்ச மாசங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கும், சாவு வீட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சத்துக்கும் போவார். கர்ணன் வேஷம் அவருதுதான். கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் போகும். அதை எந்தத் தட்டும் பிடிக்காது, பிடிக்கணும்னு யாரும் கேட்டதும் இல்லை.

1988-ல் பெங்களூர்ல இருந்து வந்த மாமா ஒரு டூ இன் ஒன் கொண்டு வந்தார். அதுலயே மைக் இருந்தது. ஒரு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில் நைனாவை உட்கார வச்சு, ஆர்மோனியம் ஒருத்தர், தாளம் ஒருத்தர்னு சேர்த்து, கர்ணன் பாட்டைப் பதிஞ்சார். அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு முப்பது. நடுவுல நாய் குரைக்கும், எங்கம்மா "தண்ணி வேணுமா"ன்னு கேட்கிறதும் அதுல இருந்தது. பதிஞ்சு முடிச்சதும் மாமா கேசட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைச்சு எடுத்தார். "இனிமே இதை யாரும் அழிக்க முடியாது மாப்ளே"ன்னார்.

1992-ல் 'ரோஜா' வந்தது. அந்தச் சத்தம் அதுவரைக்கும் யாரும் கேட்காத சத்தம். மழைத் தண்ணி சொட்டுறது கூட பாட்டுக்குள்ள கேட்குது. அடுத்த வருஷம் பக்கத்து ஊர் சிநேகிதன் அந்தக் கேசட்டை ஒரே ஒரு ராத்திரிக்கு இரவல் கொடுத்தான். வீட்டில் காலிக் கேசட் இல்லை. கையில் காசும் இல்லை, அந்த வருஷம் கடலை பொய்ச்சுப் போச்சு. உடைச்ச பல்லு இருந்த ஓட்டையில் காகிதத்தை மடிச்சு அடைச்சா மறுபடியும் பதியலாம்னு எனக்குத் தெரியும். அடைச்சேன். தெரியாம நடந்ததுன்னு சொல்ல எனக்கு வழியே இல்லை. காகிதத்தை மடிச்சது இந்தக் கைதான்.

மறுநாள் காலையில் ரோஜா பாட்டு ஓடிக்கிட்டு இருந்தப்போ நைனா மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசலில் நின்னார். மேலட்டையில் மாமா எழுதின எழுத்து அப்படியே இருந்தது. அவர் பார்த்தார். "பாட்டு நல்லாத்தாண்டா இருக்குது"ன்னு சொல்லிட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை. 2001-ல் அவர் போயிட்டார். கருமாதி ராத்திரி வேற ஜமா வந்து கர்ண மோட்சம் ஆடினாங்க. நல்லாத்தான் ஆடினாங்க. நான் கண்ணை மூடி, இந்த இடத்தில் நைனா இழுப்பார், இந்த இடத்தில் நிறுத்துவார்னு ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

கும்பகோணத்துக்காரரோ மதுரைக்காரரோ பாடினதை யாரோ பதிஞ்சு வச்சாங்க, கம்பெனி காப்பாத்துச்சு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா ஊர் ஊராப் போய் நாட்டுப்புறப் பாட்டைச் சேகரிச்சுப் பாடினாங்க, அதனால அது கேசட்டா நிலைச்சது. எங்க வீட்டுக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு மாமா வந்தார். அழிக்கிற வேலையை நான் செஞ்சேன். ரகுமானைக் குறை சொல்ல மாட்டேன், இன்னிக்கும் ரோஜா எனக்குப் பிடிச்ச ஆல்பம்தான். ஆனா அதை முழுசாக் கேட்க மட்டும் முடியறதில்லை.

செல்போனில் கேட்கிறது

2005-ல் 'திருவாசகம்' வந்தது. ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவை வச்சு ராஜா செஞ்சது. ஓதுவார் பாடிக் கேட்ட காதுக்கு, நடுவுல இங்கிலீஷ் வந்தது முதல்ல ஒட்டலை. நாலாவது தடவை கேட்டப்போ ஒட்டிடுச்சு. 2006-ல் மலேசியாத் தமிழர் யோகி பி குழுவோட 'வல்லவன்'. சின்னவன் போட்டப்போ, "என்னடா திட்டுறாங்களா?"ன்னு கேட்டேன். கூர்ந்து கேட்டா கூத்துல கட்டியங்காரன் எதுகை மோனையா அடுக்குவானே, அதே அடுக்கு. நைனா இருந்திருந்தா ரசிச்சிருப்பார்.

இப்போ செல்போனில் அளவே கிடையாது. விடிய விடிய ஆடின கூத்தை முழுசா ஏத்தி வைக்கிறாங்க. மோட்டார் ஓடுற ராத்திரியில் நான் அதைத்தான் கேட்கிறேன். மூணு நிமிஷத்துக்குள்ளயும் இருபது நிமிஷத்துக்குள்ளயும் அடங்காதது இதுல அடங்குது. கர்ணன் வர்ற இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

பெரியவனுக்குப் பத்து ஆல்பம் எழுதி அனுப்பிட்டேன். முதல் இடத்தில் 'கர்ணன், 1988, திண்ணை'ன்னு எழுதினேன். "இது எங்கப்பா கிடைக்கும்?"ன்னு கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. இப்போ ஊருக்கு வரும்போதெல்லாம் என் அம்மாகிட்ட உட்கார்ந்து, களை எடுக்கிறப்போ பாடின பாட்டைப் போன்ல பதியுறான்.

பட்டணத்தில் இருக்கிற உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் கிடக்கலாம். நாடாவில் பூஞ்சை பிடிச்சா குரல் தேறாது. இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க. கேசட்டை மாத்திக் கொடுக்கிற ஆளுங்க ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இன்னும் இருக்காங்க. மேலட்டையில் என்ன எழுதியிருக்குதுன்னு மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, முழுசாப் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.