சேசிக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே: ஒரு துண்டு இரப்பரின் வரலாறு

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கும் இந்தப் பக்கத்தில் மகிழுந்துப் பழுதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு படியுங்கள். பட்டறையில் தொடங்கும் பேச்சு தோட்டத்தில் போய் நிற்கும்.

கடந்த பள்ளி விடுமுறையில் கிள்ளானில் உள்ள ஒரு பட்டறைக்கு நண்பர் ஒருவரோடு சென்றிருந்தேன். அவருடைய பழைய டிரையம்ப் ஹெரால்ட் மகிழுந்து அங்கே நின்றிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு சில மாதங்களாகவே சரியாக மூடவில்லை. தூக்கிச் சாத்த வேண்டும்; சாத்தினாலும் மேட்டுப்பள்ளத்தில் 'டொக்' என்று அடிக்கும். கதவின் கீலைத்தான் மாற்ற வேண்டும் என்று நண்பர் எண்ணியிருந்தார். பட்டறைக்காரரோ கீலைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "புஷ் செத்துப் போச்சு சார்" என்றார்.

இக்கால மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே சட்டமுமாக அமைந்திருக்கும். ஹெரால்ட் அப்படியன்று. கீழே 'சேசி' எனப்படும் இரும்புச் சட்டம். அதன்மேல் பல இடங்களில் போல்ட்டால் பிணைத்த உடற்கூடு. 1959இல் இவ்வண்டி வெளிவந்தபோதே இது பழைய முறைதான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடற்கூடுகளைச் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டைச் செய்து தர ஆளில்லாமல் போகவே, துண்டு துண்டாகச் செய்து சட்டத்தின்மேல் பூட்டும் முறைக்கு அவர்கள் திரும்பினார்கள். இதே வண்டியை 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் சென்னையிலும் செய்தார்கள். தமிழ்நாட்டு உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இரும்பின்மேல் இரும்பை நேராக வைத்துப் பூட்டினால் சாலையின் அதிர்வு முழுவதும் உள்ளே வரும். நாளடைவில் தகடும் வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு பிணைப்பிலும் ஓர் இரப்பர்த் துண்டை இடையில் வைப்பார்கள். இதைத்தான் பட்டறைகளில் 'புஷ்' என்கிறார்கள். பல்லாண்டுக் காலம் பாரம் தாங்கித் தாங்கி அது தட்டையாகிவிடும். எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஓசோன் பட்டால் வெடிப்பு விடும். ஒரு மூலையில் துண்டு அமுங்கினால் உடற்கூடு அந்தப் பக்கம் சாய்கிறது. கதவுச் சட்டம் கோணுகிறது. கதவு மூட மறுக்கிறது.

மாற்றும் வேலையை அருகில் இருந்து பார்த்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளில் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார்கள். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட்டின் தலை முறிந்துவிடுமாம். பிறகு ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தில் தளர்த்தி மட்டும் விட்டார்கள். ஜாக்கியை நேராகத் தகட்டில் கொடுக்காமல் இடையே ஒரு தடித்த பலகையை வைத்து, உடற்கூட்டை இரண்டு விரற்கடை அளவே உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் தண்டும் பிரேக் குழாயும் இழுபடும். பழைய துண்டுகளைச் சுரண்டி எடுத்து, அடியிலிருந்த துருவைத் தேய்த்து, சாயம் பூசிக் காயவிட்ட பின்பே புதியவற்றை வைத்தார்கள். நுழைய மறுத்த இடத்தில் கிரீஸ் தடவாமல் சவர்க்கார நீர் தடவினார்கள். கிரீஸ் இரப்பரைத் தின்றுவிடும். எல்லாப் போல்ட்டுகளையும் கையால் போட்டு, வண்டியை இறக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாறி மாறி முறுக்கினார்கள். மாலையில் கதவு ஒரு விரல் தள்ளலில் மூடியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது தரையில் கிடந்த பழைய துண்டுகளை. கையில் எடுத்தேன். கரியும் கந்தகமும் கலந்து வேகவைத்த கறுப்புத் துண்டு. ஒரு காலத்தில் அது வெள்ளைப் பாலாக இருந்தது.

மகிழுந்தின் அதிர்வை இரப்பரால் அடக்கலாம் என்பதைப் பெரும் விளம்பரத்தோடு விற்றது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம். 1931இல் அது பிளிமத் வண்டியின் பொறியை இரப்பரின்மேல் அமர்த்தி, 'மிதக்கும் ஆற்றல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு பிரான்சின் சித்ரோன் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. 1959இல் வந்த மினி வண்டியோ எஃகுச் சுருளையே விட்டுவிட்டு இரப்பர்க் கூம்புகளின்மேல் ஓடியது. உலகம் மெத்தென்று பயணம் செய்யக் கற்றுக்கொண்ட அந்த ஆண்டுகளில் இரப்பர் எங்கிருந்து போனது? பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும். 1960களில் இயற்கை இரப்பரில் உலகின் முதலிடம் மலேசியாவுக்கு. நான் கையில் வைத்திருந்த துண்டு எந்தத் தோட்டத்துப் பால் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனாலும் கிள்ளானில் நின்றுகொண்டு அதைக் கேட்காமலிருக்க முடியவில்லை.

1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து விதை கொண்டு சென்றதையும், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்ததையும் நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் குடா வரை இரயில் வந்ததும், 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (1972 முதல் கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டதும் நூல்களில் உண்டு. பிரிக்பீல்ட்ஸின் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர் ஓட்டிய இரயில்களில்தான் தோட்டத்து இரப்பர் துறைமுகத்துக்குப் போனது. அந்தப் பாலை எடுத்தவரைப் பற்றி ஒரு பத்தி தேடினால் கிடைப்பது அரிது.

விடியுமுன் பெரட்டு. இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும், ஏனெனில் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒருவருக்கு நானூறு ஐந்நூறு மரங்கள். உளி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கிராணியிடம் ஏச்சு. மேலோட்டமாகப் போனால் பால் வராது, கூலி குறையும். மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டாவில் தோள் மாற்றிச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கி, புகைவீட்டில் நாட்கணக்கில் தொங்கவிடுவார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போர்க்காலம்; இரப்பருக்கு நல்ல கிராக்கி. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் இந்தியர் சங்கத்தின் வழி அவர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், முறையான மருத்துவ வசதி, சங்கம் அமைக்கும் உரிமை, பிள்ளைகளுக்கு முறையான கல்வி எனக் கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் ஒன்றை ஆசிரியர்கள் வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது!

எண்ணிப் பாருங்கள். துரையின் மகிழுந்து குலுங்காமல் போவதற்கான பாலை எடுத்துக் கொடுத்தவன், அதே துரையைக் கண்டால் தன் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே சப்பானியர் படையெடுத்து வந்ததால், இந்தப் போராட்டத்தின் நினைவு போர்க் கதைகளுக்கு அடியில் புதைந்துபோயிற்று.

கல்விக் கோரிக்கையைப் பற்றியும் ஒரு சொல். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்ற சட்டம் 1912லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 'முறையான கல்வி' கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள் என்றால், அந்தப் பள்ளிகளின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மரபில் வந்த பள்ளிகளில்தான் நம்மில் பலர் இன்று பாடம் நடத்துகிறோம். தோட்டம் போய், பால்மரம் போய், செம்பனையும் போய், வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் நிற்கிறது.

பழைய துண்டுகளில் இரண்டைக் கேட்டு வாங்கி வந்து ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள். பால்மரத்தை நேரில் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. "சார், எங்க வீட்டுல ஒரு வளைஞ்ச கத்தி இருக்கு, தாத்தாவோடது, எதுக்குன்னு தெரியாது" என்றான் ஒரு மாணவன். மறுநாள் தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். உளிதான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பரணில் உளி, மங்கு, காண்டா வாளி, பழைய கூலிச்சீட்டு ஏதேனும் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி கேளுங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுவரை வேலை செய்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பொருளோடு கட்டி அனுப்புங்கள்.