பிடிபட்ட எதிரியை மறைப்பாக்கல்

பிடிபட்ட எதிரியை மறைப்பாக்கல் என்பது, மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒரு கதைமாந்தர் தாம் பற்றிப் பிடித்துள்ள எதிரியின் உடலைத் தமக்கும் தம்மை நோக்கி வரும் அம்புகளுக்கும் இடையே நிறுத்திக்கொள்ளும் உத்தி ஆகும். பெரும்பாலான விதிநூல்கள் இதனைத் தனியாக விளக்குவதில்லை. எனவே ஆடும் குழுவினர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் "வீட்டு விதிகள்" மூலமே இது ஆட்டத்தில் இடம்பெறுகிறது. இக்கட்டுரை, 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு இவ்வுத்தியை விளக்குகிறது.

விதிநூல் கூறுவது

இவ்விளையாட்டில் தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டித் தம் திறன் எண்ணைக் கூட்டுவார். கூட்டுத்தொகை இலக்கின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். 2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி, உடலில் பாதி மறைந்திருந்தால் கவச எண்ணுடன் 2 உம், முக்கால் பங்கு மறைந்திருந்தால் 5 உம் கூடும். முழுவதும் மறைந்தவரை நேரடியாகக் குறிவைக்க இயலாது.

நண்பரோ எதிரியோ, இடையில் நிற்கும் எவரும் அரை மறைப்பு தருவர் என்பதையும் அதே நூல் கூறுகிறது. அதாவது, எதிரி குறுக்கே நின்றாலே போதும். அவரைப் பிடிக்க வேண்டிய தேவை கூட இல்லை. பிடிப்பதற்கு ஒரு கை வெறுமையாக இருக்க வேண்டும், ஒரு தாக்குதல் வாய்ப்பு செலவாகும், தன்னையொத்த பருமனுள்ளவரை இழுத்துச் செல்லும்போது நடைவேகம் பாதியாகும். இத்தனைக்கும் பின்னர் கிடைப்பது, சும்மா நிற்பவரால் கிடைக்கும் அதே 2 தான். வீட்டு விதி ஒன்று வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். 2024 இல் வெளியான திருத்தப் பதிப்பும் முக்கால் மறைப்பைப் பொருட்களுக்கு மட்டுமே உரியதாக வைத்துள்ளது.

2003 இல் வெளியான 3.5 பதிப்பில் நிலைமை வேறு. இடையில் நிற்பவர் எய்படைகளுக்கு எதிராக 4 புள்ளி மறைப்பு அளித்தார். கட்டிப்புரண்டு போராடும் இருவரை நோக்கி அம்பு எய்தால், அது யார் மீது படும் என்பதைப் பகடையே தீர்மானித்தது.

வழக்கமான வீட்டு விதி

பிடித்தவர் தம் முறையின்போது ஒரு செயலைச் செலவிட்டு, பிடிபட்டவரைத் தம்முன் நிறுத்துவார். அடுத்த முறை வரை முக்கால் மறைப்பு பெறுவார். பிடிபட்டவர் பருமனில் பிடித்தவருக்குக் குறைந்தவராக இருத்தலாகாது. ஓர் ஆளுயர மனிதர் ஒரு கோப்ளினின் பின்னால் ஒளிய முடியாதல்லவா! மறைப்பு ஒரு திசைக்கு மட்டுமே உரியது. பக்கவாட்டில் இருந்து எய்பவருக்கு எத்தடையும் இல்லை.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் விதி ஒருதலைப்பட்சமாகிவிடும். தவறிய அம்பு எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. 2014 ஆம் ஆண்டின் ஆட்ட நடத்துநர் கையேட்டில் இதற்கு ஒரு விருப்ப விதி உண்டு. மறைப்பு இல்லாதிருந்தால் பட்டிருக்கக்கூடிய அம்பு, மறைப்பினால் மட்டும் தவறுமானால், அது மறைப்பாக நிற்பவரின் கவச எண்ணை மிஞ்சும்போது அவரைத் தாக்கும்.

ஒரு கணக்கு

கவச எண் 15 உடைய ஒரு வீரர், கவச எண் 13 உடைய ஓர் ஓர்க்கைப் பிடித்துள்ளார் எனக் கொள்வோம். எய்பவரின் கூட்டெண் 5. மறைப்பு இல்லையெனில் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55%. அரை மறைப்பில் இது 45% ஆகவும், முக்கால் மறைப்பில் 30% ஆகவும் குறைகிறது. முக்கால் மறைப்பில், பகடையில் 10 முதல் 14 வரை விழுந்தால் அம்பு ஓர்க்கைத் துளைக்கும், இவ்வாய்ப்பு 25%. வீரர் தப்பிய ஒவ்வொரு அம்பும் ஓர்க்கின் மேல் பாய்கிறது என்பதைக் கவனிக்க. இரு தரப்பிலும் சேர்த்துப் பார்த்தால் எய்பவர் இழப்பது ஏதுமில்லை. அடிபடும் ஆள் மட்டுமே மாறுகிறார்.

இதனால் மறைப்பு நீடிப்பதில்லை. ஓர்க் இறந்தால் பிடித்தவர் வெளிப்பட்டு நிற்பார். பிணத்தை இன்னும் தூக்கிப் பிடிக்கலாமா என்பது தனி விவாதம்.

சிக்கல்கள்

எதிரி வில்லாளர்கள் தம் தோழன் குறுக்கே நிற்கும்போது எய்வார்களா என்பதைப் பகடை சொல்லாது. கூலிப்படையினர் எய்யலாம், உடன்பிறந்தார் தயங்கலாம். அதை முடிவு செய்பவர் ஆட்ட நடத்துநரே. சரணடைந்தவரையோ பணயக்கைதியையோ இவ்வாறு நிறுத்துவது, நல்லவராக நடிக்கும் கதைமாந்தருக்குப் பொருந்துமா என்ற வினாவும் எழும்.

விதி இரு தரப்புக்கும் பொதுவானது என்பதை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பிந்தியே உணர்கின்றனர். ஓர் ஓகர், குழுவின் மந்திரவாதியைத் தூக்கி முன்னே பிடித்தால், அவருடைய தோழர்களின் தவறிய அம்புகள் அவர் மீதே பாயும். ஓகரின் உடல் பெரியதாகையால் மறைப்பு அரையளவுக்கு மேல் போகாது என்பது மட்டுமே ஆறுதல். மந்திரவாதியை ஆடுபவர் எழுத்து வடிவில் இதை ஏற்கும் வரை, அவ்விதியை நடைமுறைப்படுத்தாமல் இருப்பது நன்று.

பிற இடங்களில்

பாத்ஃபைண்டர் விளையாட்டில் 2011 இல் வெளியான அல்டிமேட் காம்பாட் நூலில் "பாடி ஷீல்டு" என்னும் சிறப்புத் திறன் இவ்வுத்திக்கு நேரடியாக இடமளிக்கிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 அரக்கர் கையேட்டில் வரும் கோப்ளின் தலைவனோ எதிரியைத் தேடுவதில்லை. தன்னை நோக்கித் தாக்குதல் வரும்போது, அருகிலுள்ள மற்றொரு கோப்ளினுடன் இடம் மாறிக்கொண்டு அவனை அடி வாங்க விடுகிறான்.